பால் இறங்காத மரம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. மலருக்காக அவரே எழுதித் தந்தது.)



ஓவியத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். "சார், பெரிய பெரிய ஓவியர் பேரெல்லாம் சொல்லிப் பிள்ளைங்களப் பயமுறுத்திடாதீங்க" என்றும் சொன்னார். பயமுறுத்த மாட்டேன். இன்று பரிசு வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு முதலில் என் வாழ்த்து. பரிசு வாங்காத பிள்ளைகளுக்கு ஓர் இரகசியம் சொல்கிறேன். நானும் ஒரு காலத்தில் ஓவியப் போட்டியில் பரிசு வாங்கியவன்தான். ஆனால் பரிசு வாங்கிய அந்தப் படம் தப்பான படம். அதை நடுவர்கள் கண்டுபிடிக்கவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாமல் கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கிய என் தகப்பனார்தான் கண்டுபிடித்தார். அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று பேச வேண்டியிருக்கிறது.

மண்டபத்தின் பின்சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்களை ஒட்டியிருக்கிறீர்கள். காலையிலேயே வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் பாதிக்கு மேற்பட்ட படங்களில் ஒரே காட்சி. முக்கோணமாக 2 மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை மரம். ஒரு சிறுமியைக் கூப்பிட்டு, "இது எந்த ஊரும்மா?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை யோசித்துவிட்டு, "தெரியல சார், எல்லாரும் இப்படித்தான் வரைவாங்க" என்றது. உண்மையைச் சொன்ன அந்தப் பிள்ளைக்கு என் பாராட்டு.

நாம் இருப்பது ஈப்போவுக்குப் பக்கத்தில். நம்மைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள். தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோவிலுக்குப் போகாத பிள்ளை இங்கே உண்டா? அந்த மலை முக்கோணமாகவா இருக்கிறது? சுவர் போலச் செங்குத்தாக நிற்கிறது. இடுப்பில் வெள்ளையும் செம்மண் நிறமும் கலந்த கீறல்கள். தலையில் சீவாத முடி போலச் செடிகள். இவ்வளவு அழகான மலையைச் சன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு எங்கேயோ இருக்கிற முக்கோண மலையை வரைகிறோம். ஏன்? நம் மலையைப் படமாகப் போடலாம் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை.

ஆனால் நமக்கு முன்னால் இந்த மண்ணில் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது. ஈப்போவிலிருந்து சிறிது தூரத்தில் தம்புன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு மலையின் பாறைச் சுவரில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன. 1959-ஆம் ஆண்டில் காட்டில் ரோந்து போன கூர்க்கா படைப்பிரிவின் இளம் அதிகாரி ஒருவர் அவற்றைக் கண்டு வெளியே சொன்னார். பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்த்தபோது 600-க்கு மேற்பட்ட உருவங்கள் தேறின. மனிதர்கள், மான், காட்டு விலங்குகள், கடற்பசு போலத் தோன்றும் ஓர் உருவம் என்று பலவகை. எதைக் கொண்டு வரைந்தார்கள்? கடையில் வாங்கிய வண்ணமா? இல்லை. இரும்புச் சத்து நிறைந்த சிவப்புக் கல்லைப் பொடி செய்து குழைத்து வரைந்தார்கள். தங்கள் கண்ணால் எதைப் பார்த்தார்களோ அதை வரைந்தார்கள். அதனால்தான் இத்தனை காலம் கழித்தும் அதைப் பார்த்து அவர்கள் வாழ்க்கையை நாம் ஊகிக்க முடிகிறது.

"அவர்கள் வேறு மக்கள், நம் முன்னோர் கதை என்ன?" என்று கேட்பீர்கள். அதற்கும் தூரம் போக வேண்டாம். பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டை என்று ஒன்று இருக்கிறது. சுற்றுலாவுக்குப் போன பிள்ளைகள் கை தூக்குங்கள் பார்ப்போம். நிறைய பேர் போயிருக்கிறீர்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை 1915 வாக்கில் கட்டத் தொடங்கிய மாளிகை அது. 1926-இல் அவர் லிஸ்பன் நகரில் இறந்துபோனதால் பாதியிலேயே நின்றுவிட்டது. அந்த மாளிகையைக் கட்டத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். உலகத்தையே ஆட்டி வைத்த விஷக் காய்ச்சல் அவர்களையும் விடவில்லை, பலர் மாண்டார்கள். மிஞ்சியவர்கள் துரையிடம் போய், "எங்களுக்கு ஒரு மாரியம்மன் கோவில் வேணும்" என்று கேட்டார்கள். கோவில் எழும்பியது.

மாளிகையைப் பார்க்கிறவர்கள் பக்கத்திலிருக்கும் அந்தக் கோவிலையும் பார்க்க வேண்டும். கோவிலின் மேலே சாமி சிலைகளுக்கு நடுவில் ஒரு மனிதர் நிற்கிறார். வெள்ளைச் சட்டை, கால்சட்டை, தலையில் தொப்பி. ஆம், துரைதான்! அம்மன் எப்படி இருப்பாள், காவல் தெய்வம் எப்படி நிற்கும், கையில் என்ன இருக்கும் என்பதெல்லாம் சிற்பிக்குப் பரம்பரையாக வந்த பாடம். துரைக்கு எந்த ஆகமத்தில் அளவு சொல்லியிருக்கிறது? எதிலும் இல்லை. கண்ணால் பார்த்த துரையை, அப்பனும் பாட்டனும் கற்றுத் தந்த சுதை வேலையால் செய்து வைத்தார் அந்தச் சிற்பி. கை முன்னோருடையது, கண் தன்னுடையது. ஓவியத்தைப் பற்றி நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் விளக்கம்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு நிரைக்குப் போய்விடுவார்கள். சின்னத் தம்பி ஆயாக்கொட்டகையில் கிடப்பான். எங்கள் வீட்டில் இருந்த ஒரே படம் சுவரில் தொங்கிய நாள்காட்டி முருகன். கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சான தெய்வப் படங்கள் அந்தக் காலத்தில் கப்பலேறி நம் தோட்டங்களுக்கும் வந்தன. அடுப்புக் கரியால் அந்த முருகனைச் சிமெண்டுத் தரையில் பார்த்துப் பார்த்து வரைந்ததுதான் என் முதல் பள்ளிக்கூடம். மயிலுக்குக் கழுத்து வளைய எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

பார்த்து வரைவது தவறில்லை, பிள்ளைகளே. நடக்கக் கற்கும் குழந்தை சுவரைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வயது 20 ஆன பிறகும் சுவரை விடாமல் நடந்தால் ஊர் சிரிக்கும்.

1976-இல் நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது ஓர் ஓவியப் போட்டி வந்தது. 'உழைப்பாளர்' என்பது தலைப்பு. நமக்குத் தெரியாத உழைப்பாளரா என்று பால்மரம் வெட்டும் ஒருவரைப் பெரிதாக வரைந்தேன். மரம், மங்கு, வாளி, பனிமூட்டம், எல்லாம் வந்தன. இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேருந்தேறித் தோட்டத்துக்கு வந்தேன். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். "நம்ம பையன் போட்டது" என்று அம்மா எல்லாருக்கும் காட்டினார். அப்பா மட்டும் ஒன்றும் பேசாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இந்த மரத்துல பால் எறங்காதே."

எனக்குச் சுருக்கென்றது. "ஏம்ப்பா?" என்றேன்.

"வெட்டுக் கோட்டத் திருப்பிப் போட்டுட்டியே. மரத்தப் பாத்து நின்னா எடது கைப் பக்கம் மேல இருக்கணும், வலது கைப் பக்கம் எறங்கணும். நீ வலதுல இருந்து எடதுக்கு எறக்கியிருக்க. இப்படி வெட்டினா தண்டலு வேலையை விட்டே நிறுத்திடுவாரு."

சுற்றி நின்றவர்கள் உற்றுப் பார்த்துவிட்டு, "அட, ஆமா!" என்று சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்று, பள்ளி விடுமுறை தோறும் அப்பாவோடு நிரைக்குப் போய் மங்கு துடைத்த எனக்குத் தெரியவில்லை. ஆயிரம் தடவை அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட உற்றுக் கவனிக்கவில்லை. படித்து மேலே போக வேண்டும், இந்த வேலைக்கு வந்துவிடக் கூடாது என்பதே எண்ணமாக இருந்ததால், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

அன்று இரவு அப்பா வாசல் தூணை மரமாக வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினார். பால் வெட்டும் கத்தியை எப்படிப் பிடிப்பது, முழங்கையை எங்கே ஒட்டி வைப்பது, கால் எப்படி மரத்தைச் சுற்றி நகரும் என்றெல்லாம் காட்டினார். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. கொஞ்சம் ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். புதுப் பட்டை மேடு பள்ளமாக வளரும். பிறகு அந்த இடத்தில் வெட்டவே முடியாது. நூல் கனத்தில் கணக்கு! கிழக்கு வெளுப்பதற்குள் ஏன் ஓட வேண்டும்? குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும்.

பிற்பாடு புத்தகத்தில் படித்தேன். ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால் ஓடும் நுண்ணிய குழாய்கள் நேர் நட்டுக்குத்தாக இல்லை; கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து மேலேறுகின்றன. அதனால் இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் கூடும். அப்பா சொன்னதும் இதேதான். புத்தகம் காரணத்தைச் சொன்னது. அப்பா கையால் செய்து காட்டினார்.

அந்தப் படத்தை மறுபடியும் வரைந்தேன். இந்த முறை போட்டிக்கு அல்ல. அப்பாவை நிற்க வைத்துக் கையை வரைந்தேன், தோளை வரைந்தேன், வளைந்த முதுகை வரைந்தேன். வரைய வரையத்தான் அவரை முதல் முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். முடிந்ததும் காட்டினேன். மங்கிலிருந்து கோடு வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இப்பப் பால் எறங்கும்" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ பரிசுகள் வாங்கியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு ஈடான பரிசு வேறில்லை.

பெரியோர்களே, மனிதன் வளர்வது என்றால் என்ன? பழையதை உதறிவிட்டு மேலே போவதுதான் வளர்ச்சி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா திருத்திய அன்றைக்குத்தான் தெரிந்தது, திரும்பி வந்து கேட்கத் தெரிவதும் வளர்ச்சிதான் என்று. பேர் பெற்ற ஓவியர்கள் பலரும் இந்த வழியில்தான் நடந்திருக்கிறார்கள். தலைமையாசிரியர் மன்னிக்க வேண்டும், மூன்றே மூன்று பேரைச் சொல்லிவிடுகிறேன்.

சென்னை ஓவியக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். மேல்நாட்டு முறையில் நன்றாக வரைந்தவர்தான். ஆனால் இதில் நம்முடையது என்ன இருக்கிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. 1963 வாக்கில் ஒரு மாணவரின் கணக்கு நோட்டு அவர் கண்ணில் பட்டது. எண்களும் குறிகளும் கட்டங்களும் நிறைந்த பக்கம். உடனே நம் ஊர் ஜாதகக் கட்டம் நினைவுக்கு வர, அதையும் எழுத்துகளையும் கொண்டு புது வகை ஓவியங்களைத் தீட்டினார். பாருங்கள், கணக்கு நோட்டில்கூட ஓவியம் இருக்கிறது! 1966-இல் அவர் முன்னின்று தொடங்கிய சோழமண்டல ஓவியர் கிராமத்துக்கு நிலம் வாங்க, ஓவியர்கள் பாத்தேக் துணி முதலிய கைவேலைகள் செய்து விற்றுத்தான் பணம் சேர்த்தார்கள்.

அதே கல்லூரியில் படித்தவர் ஆதிமூலம். திருச்சிப் பக்கம் துறையூர் வட்டத்தில் கீரம்பூர் என்ற கிராமத்தில் 1938-இல் பிறந்தவர். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல் அவரைக் கோடுகளாலேயே 100 படங்களாக வரைந்தார். பின் அரசர்களை வரைந்தார். அதன் பிறகு உருவமே இல்லாமல் மண், வானம், வெளி என்று வண்ணங்களாகவே தீட்டினார். கோட்டிலிருந்து வண்ணத்துக்கு வந்த வளர்ச்சி அது. ஆனாலும் சொந்த மண்ணை அவர் விடவில்லை.

மூன்றாமவர் நம் நாட்டவர், 1943-இல் பிறந்த சையத் தாஜுடின். சென்னைக்குப் போய் ஓவியம் பயின்றார். 1970-களின் தொடக்கத்தில் இராமாயணக் காட்சிகளைப் பெரிய பெரிய ஓவியங்களாக வரைந்தார். பிறகு இந்த மண்ணின் கதையான லேடாங் மலை இளவரசியையும் வரைந்தார். பிறந்த ஊர் ஒன்று, படித்த ஊர் ஒன்று. இரண்டையும் ஒரே கையால் அணைத்துக்கொண்டார். பினாங்கில் வாழ்ந்த சுவா தியன் தெங் என்ற சீன ஓவியரும் அப்படித்தான். 1950-களில், மெழுகு வைத்துத் துணிக்குச் சாயமேற்றும் பாத்தேக் முறையை எடுத்து, அதில் ஓவியமே தீட்டிக் காட்டினார். முன்னோர் சொத்து என்றால் மதில் கட்டி அடைத்து வைப்பது என்று பொருளில்லை. அண்டை வீட்டாரிடம் கற்பதும் அதில் சேர்ந்ததுதான். (மூன்று பேர் என்று சொல்லி நான்காகிவிட்டது!)

இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள், "இதெல்லாம் படிச்சவங்க விசயம்" என்று நினைப்பீர்கள். தாய்மார்களே, உங்களுக்குப் படம் வரையத் தெரியாது என்று யார் சொன்னது? என் அம்மா வெள்ளிக்கிழமையென்றால் பெரட்டுக்கு ஓடுமுன் லயத்து வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுத்தான் போவார். அளவுகோல் இல்லை, அழிப்பான் இல்லை, மாதிரிப் படம் இல்லை. புள்ளியை வைத்துவிட்டு, கையெடுக்காமல் வளைத்து வளைத்துப் போய், தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிப்பார். 1970-களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணி என்ற பேராசிரியரும் அவருடன் இருந்தவர்களும், இந்தக் கோலங்களுக்குள் இருக்கும் ஒழுங்கைக் கணித முறையில் ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். கணினித் துறையில் உள்ளவர்கள் அதை இன்றும் படிக்கிறார்கள். அவர்கள் ஆராய்ந்தது நம் அம்மாக்களின் விரல் கணக்கைத்தான். உங்கள் பெண் பிள்ளை மட்டுமல்ல, ஆண் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சிக்குக் கோலமாவது கற்றுக்கொள்ளட்டும். ஓவியத்துக்கு வேண்டிய கைப்பழக்கம் அதில் இருக்கிறது.

இப்போது மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இனிப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் அது சரியான உரையாகாது.

எங்கள் தோட்டத்தில் 1980-களில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். 1991-இல் லயத்தைக் காலி செய்து பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். மூன்றாம் மாடி, சின்ன வீடு. "இந்தக் குப்பையெல்லாம் எதுக்குப்பா?" என்று அப்பாவின் கத்தி, மங்கு, வாளி, தோள் தடி எல்லாவற்றையும் பழைய சாமான் வாங்குகிறவரிடம் 5 வெள்ளிக்குப் போட்டேன். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1998-இல் அவரும் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு ஒரு நாள், பால் நிறைந்த இரண்டு வாளிகளையும் தோள் தடியில் மாட்டிக்கொண்டு ஸ்டோருக்கு அவர் நடந்துபோகும் காட்சியை வரைய உட்கார்ந்தேன். தடியில் வாளி வழுக்காமலிருக்க அப்பா கயிற்றால் ஒரு முடிச்சுப் போடுவார். அந்த முடிச்சு எப்படி இருக்கும்? எனக்கு நினைவில்லை. கேட்க ஆளில்லை. பார்க்கப் பொருளுமில்லை. அம்மாவும் அதற்கு முன்பே தவறிவிட்டார். அந்தப் படம் இன்றும் என் வீட்டில் பாதியாகத்தான் நிற்கிறது. தோளிருக்கிறது, தடியிருக்கிறது, வாளியிருக்கிறது. முடிச்சு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. ஏதோ ஒரு முடிச்சைப் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு தடவை பால் இறங்காத மரத்தை வரைந்தவன் நான். மறுபடி அந்தத் தவற்றைச் செய்ய மனம் வரவில்லை.

தஞ்சைப் பெரிய கோவிலை 1010-இல் இராசராச சோழன் கட்டி முடித்தான் என்று படித்திருப்பீர்கள். கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதையில் சோழர் காலத்து ஓவியங்கள் இருந்தன. பிற்காலத்தில் நாயக்கர் ஆட்சியில் அவற்றின் மேல் சுண்ணாம்பு பூசி வேறு ஓவியம் தீட்டிவிட்டார்கள். பல நூற்றாண்டுகள் யாருக்கும் தெரியாமல் கிடந்தன. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி என்ற ஆசிரியர், மேல் பூச்சு உதிர்ந்த இடத்தில் உற்றுப் பார்த்து, அடியில் வேறு ஓவியம் இருப்பதைக் கண்டுபிடித்தார். நம் பேராக்கும் அப்படித்தான். ரப்பருக்கு மேல் செம்பனை வந்தது. செம்பனைக்கு மேல் வீடமைப்புத் திட்டம் வருகிறது. அடியில் என்ன இருந்தது என்று தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இந்த மண்டபத்திலேயே முன் வரிசையில் வெள்ளைத் தலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தஞ்சையில் சுவர் காத்திருந்தது. மனிதர்கள் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது.

வரைவதற்கு நம்மிடம் எவ்வளவோ இருக்கிறது! 1877-இல் கோலகங்சாரில் நட்ட 9 ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. சுற்றுலா போகும்போது அதன் அடியில் உட்கார்ந்து வரையுங்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டித் தாங்களே தோட்டத்துக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். கசங்கிய 10 வெள்ளியைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் ஒரு தாயின் முகத்தை உங்களில் யாராவது வரைவீர்களா? உங்கள் பாட்டி அந்த வரிசையில் நின்றிருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

கடைசியாகச் சில வேண்டுகோள்கள்.

பெற்றோர்களே, பிள்ளை படம் வரைந்தால் "இது சோறு போடுமா?" என்று கேட்காதீர்கள். எல்லாப் பிள்ளையும் ஓவியனாகப் போவதில்லை. ஆனால் உற்றுப் பார்க்கக் கற்ற பிள்ளை மருத்துவனானாலும் நல்ல மருத்துவனாவான், மெக்கானிக்கானாலும் நல்ல மெக்கானிக்காவான். விலையுயர்ந்த வண்ணப் பெட்டியும் வேண்டாம். அடுப்புக் கரி, செம்மண், மஞ்சள், ஒரு கோடில்லாத நோட்டு போதும்.

தோட்டத்திலே உழைக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, செம்பனைக் குலை அறுக்கிறவர்களே, உங்கள் வேலையைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுங்கள். அறுக்கும் கம்பை எப்படித் தூக்குவது, மட்டை எந்தப் பக்கம் விழும், எங்கே நிற்கக் கூடாது என்று சொல்லுங்கள். "நான் படுற கஷ்டம் பிள்ளைக்குத் தெரிய வேணாம்" என்று மறைக்காதீர்கள். கஷ்டத்தோடு உங்கள் திறமையையும் சேர்த்து மறைத்துவிடுகிறீர்கள். என் அப்பா அப்படி மறைத்திருந்தால் நான் இன்றும் கோட்டைத் திருப்பித்தான் போட்டுக்கொண்டிருப்பேன்.

ஆசிரியர் பெருமக்களே, அடுத்த ஆண்டு இதே பின்சுவரில் முக்கோண மலை ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் மலை, எங்கள் லயம், எங்கள் கோவில், எங்கள் பாட்டி என்று இருக்கட்டும். கோணல் மாணலாக இருந்தாலும் பரவாயில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். இன்றைக்கு இராத்திரி வீட்டுக்குப் போய்த் தாத்தாவையோ பாட்டியையோ அப்பாவையோ அம்மாவையோ பிடித்துக்கொண்டு, "நீங்க வேலை செய்யிறப்ப கைய எப்படி வச்சிருப்பீங்க? ஒரு தரம் செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். அந்தக் கையை வரையுங்கள். வரைந்ததை அவர்களிடமே காட்டுங்கள். "தப்பு" என்று சொன்னால் முகம் சுருங்காமல் மறுபடி வரையுங்கள். அவர்கள் தலையாட்டும் வரை விடாதீர்கள். அப்படி வரைந்த படத்துக்கு இந்த மேடையில் பரிசு கிடைக்காமல் போகலாம். கவலைப்படாதீர்கள்.

முன் வரிசைப் பெரியவர்களில் யாருக்காவது தோள் தடியில் வாளி கட்டும் அந்த முடிச்சு தெரிந்திருந்தால், விழா முடிந்ததும் என்னைப் பார்க்காமல் போய்விடாதீர்கள். பையில் ஒரு முழம் கயிறும் பென்சிலும் கொண்டுவந்திருக்கிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க இப்பள்ளி!